கதவு நிலையும் காகித நாடாவும்

வீடு கட்டுவோர் நிலை நிறுத்துவதற்கு நாள் பார்ப்பர். மரநிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, மாவிலை கட்டி, அதன் பின்னரே மற்ற வேலையைத் தொடர்வர். வீட்டின் முகம் அதுவே என்பது தமிழர் எண்ணம். மோட்டார் காருக்கும் நிலை உண்டு. ஆயினும் அதற்கு அத்தகைய மதிப்பு எதுவும் கிட்டியதில்லை. கதவைத் திறந்தால் மட்டுமே கண்ணிற்படும் குறுகிய இடம் அது. முன்தூண், பின்தூண், மேல்விளிம்பு, காலடிப்படி ஆகியவை சூழ்ந்த சட்டமும், அச்சட்டத்தில் வந்து பொருந்தும் கதவின் உள்விளிம்பும் சேர்ந்ததே காரின் கதவு நிலை. கீல்கள் அங்கே இருக்கின்றன. பூட்டு வந்து கொளுவும் இரும்பு அங்கே இருக்கின்றது. மழைநீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டையும் அதன் ஓரமாகவே ஓடுகின்றது.

பழைய காரொன்றைப் புதுப்பிக்க எடுத்துக்கொள்ளும் தேர்ந்த சாயக்காரர், வண்டியின் வெளிப்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பு கதவைத் திறந்து நிலையைத்தான் பார்ப்பார். வெளியே எத்தனை முறை நிறம் மாற்றப்பட்டிருந்தாலும், அவசர வேலை செய்தவர்கள் நிலையைத் தொட்டிருக்க மாட்டார்கள். வெளியே சிவப்பு, உள்ளே சாம்பல் என்றிருந்தால், அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது சாம்பல் நிறமாகவே இருந்திருக்கும். இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு மேடு இருக்கும். மறைப்பு நாடா ஒட்டிச் சாயம் அடித்து, நாடாவை உரித்த இடம் அது. ஆவணங்கள் தொலைந்துபோன வண்டியின் வரலாற்றை அந்த மேட்டிலிருந்து படித்துவிடலாம். இரண்டு மேடுகள் இருந்தால் இரண்டு முறை சாயம் அடிக்கப்பட்டது என்று பொருள்.

இவ்வாறு மறைத்துச் சாயம் அடிக்கும் முறை மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. அது தோன்றுவதற்கு ஒரு பெரும் போரும், ஒரு புதிய சாயமும், ஒரு மருத்துவரின் தொண்டை மருந்துக் கருவியும், பட்டறைத் தொழிலாளி ஒருவரின் வசைச்சொல்லும் தேவைப்பட்டன.

மோட்டார் வண்டியின் தொடக்கக் காலத்தில் அதற்குச் சாயம் பூசியவர்கள் குதிரை வண்டிக்குச் சாயம் பூசிய அதே கைவினைஞர்களே. அவர்களுடைய கருவி தூரிகை. ஈயச் சாயத்தால் அடிப்பூச்சு, அதன்மேல் குழிகளை நிரப்பும் கனத்த பூச்சு, அது காய்ந்ததும் நுரைக்கல்லும் நீரும் கொண்டு தேய்ப்பு, பின்னர் நிறப்பூச்சு, மீண்டும் தேய்ப்பு, இறுதியில் வார்னிஷ் என்று அடுக்கடுக்காக வேலை நடந்தது. எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பூச்சுகள் ஆதலால் ஒவ்வொன்றும் காய்வதற்கு நாள்கள் பிடித்தன. ஒரு நல்ல வண்டி சாயக்கூடத்தை விட்டு வெளிவர வாரக்கணக்கில் ஆயிற்று. ஈயத்தூள் கலந்த காற்றைச் சுவாசித்தவர்களுக்கு ஈய நஞ்சு ஏறியது வேறு கதை. அக்கால மருத்துவர்கள் சாயத்தொழிலாளரை நன்கறிவர்.

எனினும், அந்தத் தொழிலாளருக்கு ஒரு சிக்கல் இருந்ததேயில்லை. எல்லையைப் பற்றிய சிக்கல்தான் அது. தூரிகை, பிடித்த கை சொன்ன இடத்தில் நின்றுவிடும். கதவு நிலையின் ஓரத்தில் கறுப்பும், அதையடுத்து மெல்லிய மஞ்சள் கோடும் வேண்டுமென்றால், கைவினைஞர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்துவிடுவார். அவருக்கு மறைப்புத் தாளும் தேவையில்லை, நாடாவும் தேவையில்லை. நாடா செய்ய வேண்டிய வேலையை அவருடைய விரல்களே செய்தன.

1913இல் ஹென்றி ஃபோர்டு தம் ஹைலண்டு பார்க் ஆலையில் நகரும் கோவை வரிசையை ஏற்படுத்தினார். பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாக நடந்துவந்த அடிச்சட்டக் கோப்பு வேலை, அடுத்த ஆண்டில் 93 நிமிடங்களாகக் குறைந்தது. அந்த விரைவோடு தூரிகைக்காரர் போட்டியிட முடியுமா? ஃபோர்டு தூரிகையையே ஒதுக்கினார். அவருடைய 'டி' மாதிரிக் காரின் சிறு உறுப்புகள் சாயத் தொட்டியில் முக்கியெடுக்கப்பட்டன. உடற்பகுதியின்மீது குழாய் வழியே சாயம் ஊற்றி வழியவிடப்பட்டது. 1914 முதல் 1925 வரை அந்தக் கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. கறுப்பு மற்ற நிறங்களைவிட விரைவாகக் காயும் என்பதே அதற்குக் காரணம் என்று பாடநூல்கள் கூடச் சொல்வதுண்டு. பின்னாளில் ஆலையின் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் இக்கூற்றை அப்படியே ஏற்கவில்லை. ஒரே வண்டியின் பல பகுதிகளுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்புச் சாய வகைகள் பயன்பட்டன என்றும், மலிவும் உழைப்புத் திறனுமே கறுப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் என்றும் அவர்கள் கருதுகின்றனர். எதுவாயினும், முழுவதும் கறுப்பான வண்டியில் எங்கே ஒரு நிறம் முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்ற கேள்விக்கே இடமில்லை. நிலையும் கறுப்பு, கதவும் கறுப்பு, மறைப்பதற்கு எதுவுமில்லை.

கேள்வியை எழுப்பியது வெடிமருந்து. 1846இல் பேசல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் நனைத்து வெடிபஞ்சைக் கண்டறிந்தார். நைட்ரோசெல்லுலோஸ் என்னும் அப்பொருள் பீரங்கிகளுக்கு உணவாயிற்று. முதல் உலகப் போரின்போது அதைப் பெருமளவில் உற்பத்தி செய்த நிறுவனங்களுள் அமெரிக்காவின் டூபாண்ட் முதன்மையானது. 1802இல் வெடிமருந்து ஆலையாகவே தொடங்கிய நிறுவனம் அது. 1918இல் போர் முடிந்தது. ஆலைகள் இருந்தன, பஞ்சு இருந்தது, அமிலம் இருந்தது. வாங்குவதற்குப் பீரங்கிகள் இல்லை.

நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்து மெருகாகப் பூசலாம் என்பது முன்பே தெரிந்த செய்தி. பித்தளைப் பொருள்கள் கறுக்காமல் இருக்க அதைப் பூசினர். வாழைப்பழ மணம் வீசும் அந்த மெருகு நிமிடங்களில் காய்ந்துவிடும். குறை என்னவெனில், சிறிதளவு கரைத்தாலே கரைசல் பாகுபோல் இறுகிவிடும். ஆகவே மெல்லிய படலமாக மட்டுமே பூச முடிந்தது. ஒரு காருக்கு வேண்டிய கனம் வருவதற்கு எத்தனையோ பூச்சுகள் தேவைப்பட்டிருக்கும். 1920 ஜூலையில் டூபாண்டின் பார்லின் ஆலையில் படச்சுருளுக்காகத் தயாரித்த கரைசலொன்று எதிர்பாராதவாறு நீர்த்துப்போனது. நைட்ரோசெல்லுலோஸின் அளவு குறையாமலே அது தண்ணீர்போல் ஓடியது. கெட்டுப்போனதென்று கொட்டிவிடாமல் வேதியியலார் அதன் காரணத்தை ஆராய்ந்தனர். கனமான படலம் தரக்கூடிய, அதே வேளையில் விரைந்து காயக்கூடிய லாக்கர் சாயத்திற்கு அதுவே வழிகாட்டிற்று.

அக்காலத்தில் டூபாண்ட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸின் பங்குகளில் கணிசமான பகுதியை வைத்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் சாய வல்லுநர்களை அழைத்து, வண்டிக்குச் சாயம் அடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமென்று கேட்டாராம். சில நாள்களை மிச்சப்படுத்தலாம் என்றனராம் அவர்கள். ஒரு மணி நேரம்தான் சரி என்றாராம் அவர். இது மோட்டார் உலகில் வழங்கும் கதை. கெட்டரிங்கைப் பற்றி இதுபோல் பல கதைகள் உண்டு. இரு நிறுவனங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சாயத்திற்கு 'டூக்கோ' என்று பெயர். 1923இல் அது வெளிவந்தது. 1924ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்டு கார் நீல நிற டூக்கோவில் மின்னியது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. காயும் வண்டிகளை அடுக்கிவைக்கக் கட்டிய பெரும் கிடங்குகளுக்கு வேலையற்றுப் போயிற்று.

லாக்கருக்கு வேண்டிய கரைப்பானின் கதையும் போரிலிருந்தே வருகின்றது. போர்க்காலத்தில் வெடிமருந்து வேலைக்கு அசிட்டோன் தேவைப்பட்டது. வேதியியலாளர் ஹைம் வைஸ்மன், பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர், மாவுப்பொருளை நுண்ணுயிரால் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் முறையைக் கண்டார். அசிட்டோனைவிட மிகுதியாக அதில் பியூட்டனால் என்னும் சாராயவகை வந்தது. அதற்குப் பயன் தெரியாமல் விழித்தனர். போர் முடிந்ததும் அந்தப் பியூட்டனாலிலிருந்து செய்த பியூட்டைல் அசிட்டேட்டுதான் கார் லாக்கருக்கு மிகப் பொருத்தமான கரைப்பான் என்று தெரியவந்தது. சோளத்தைப் புளிக்கவைத்த நீர், வெடிபஞ்சைக் கரைத்துக் காருக்கு நிறமேற்றியது.

இவ்வளவு விரைவாகக் காயும் சாயத்தைத் தூரிகையால் பூச முடியாது. ஒரு முறை இழுத்துவிட்டு அடுத்த இழுப்புக்கு வருவதற்குள் முந்தியது காய்ந்துவிடும், தடம் விழும். எனவே சாயத்தைக் காற்றால் தூவ வேண்டியதாயிற்று. அதற்கான கருவி ஏற்கெனவே இருந்தது. ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் மருத்துவராக இருந்த ஆலன் டெவில்பிஸ், நோயாளியின் தொண்டைக்குள் மருந்தைப் பனிபோல் தெளிக்க 1880களின் இறுதியில் ஒரு பீச்சுகருவி செய்தார். அவர் மகன் தாமஸ் 1900களில் அதே கொள்கையைச் சாயத்திற்குப் பயன்படுத்திச் சாயத்துப்பாக்கியை உருவாக்கினார்.

கதவு நிலையின் வரலாறு திரும்பும் இடம் இதுவே. தூரிகைக்குத் தெரிந்த எல்லை தூவலுக்குத் தெரியாது. சாயப்பனி, பூச வேண்டிய இடத்திலும் படியும், கூடாத இடத்திலும் படியும்; கதவின் இடுக்கு வழியே புகுந்து இருக்கையின் தோலிலும் படியும். நூற்றாண்டுக் கணக்கில் விரல்களில் இருந்த கட்டுப்பாடு ஒரே வீச்சில் காற்றுக்குப் போய்விட்டது. அதைத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால், சாயம் படக்கூடாத இடத்தை முன்னதாகவே மூடிவைக்க வேண்டும். வேலையின் திறமை பூசுவதிலிருந்து மறைப்பதற்கு இடம் மாறியது.

இதே ஆண்டுகளில் காரின் உருவமும் மாறிற்று. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து மட்டுமே கூரையும் கண்ணாடிச் சாளரமும் உடைய மூடிய கார்கள். 1927இல் அது நூற்றுக்கு 85 ஆனது. திறந்த காரின் கதவு இடுப்பளவே இருந்தது. மூடிய காரின் கதவோ கூரை வரை உயர்ந்தது. ஆகவே நிலையின் நீளமும் மடங்காயிற்று. அதோடு இரட்டை நிற நாகரிகமும் வந்தது. உடலுக்கு ஒரு நிறம், மேற்பகுதிக்கு இன்னொரு நிறம், சக்கரக் காப்புகளுக்குக் கறுப்பு. உடற்பகுதிக்குள் மரச்சட்டம் இருந்ததால் அதைச் சூட்டடுப்பில் வைத்துச் சாயத்தைச் சுட முடியவில்லை. மரமில்லாத சக்கரக் காப்புகளை மட்டும் கறுப்பில் முக்கிச் சுட்டனர். இரு நிறங்களும் சந்திக்கும் கோடு பெரும்பாலும் கதவின் குறுக்கே ஓடியது. கதவைத் திறந்தால் அந்தக் கோடு நிலைக்குள் எப்படி வளைகிறது, எங்கே முடிகிறது என்பதைக்கொண்டே வாங்குபவர் வேலையின் தரத்தை அளந்தார்.

பட்டறைக்காரர்கள் செய்தித்தாளையும், இறைச்சி பொதியும் தாளையும் பசை தடவி ஒட்டினர். வேறு சிலர் மருத்துவர்கள் காயக்கட்டுக்குப் பயன்படுத்தும் ஒட்டுத்துணியை ஒட்டினர். அந்தத் துணிக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1845இல் ஹோரஸ் டே என்ற அறுவை மருத்துவர் துணிப்பட்டையில் ரப்பர்ப் பசை பூசிக் காயத்திற்கு ஒட்டினார். புண்ணின்மேல் விடாமல் பற்றுவதற்காகச் செய்த பசை, புதுச் சாயத்தின்மேல் ஒட்டினால் சாயத்தையும் சேர்த்தே பிடுங்கிக்கொண்டு வந்தது. சாதாரணப் பசையோ ஒட்டிய தாளை வரவிடவில்லை. சுரண்டி எடுத்தால் கீழிருந்த நிறம் கீறிற்று. ஒரு நாள் உழைப்பு ஒரு நொடியில் உரிந்து வந்தால் எந்தத் தொழிலாளிதான் பொறுத்துக்கொள்வான்?

1923இல் மின்னெசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில், ஒரு கார்ப் பட்டறையில் அப்படியொரு தொழிலாளி வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தபோது, வாயிலில் ஓர் இளைஞர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரிச்சர்டு டிரூ என்னும் அவர் 1899இல் அதே நகரில் பிறந்தவர். நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்துக் கல்லூரிக்குப் பணம் கட்டியவர். பொறியியல் படிப்பை முடிக்காமல் விட்டவர். உப்புத்தாள் செய்யும் நிறுவனமொன்றில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்து, புதுவகைத் தாளைப் பட்டறைகளில் கொடுத்துச் சோதிப்பது அவர் வேலையாக இருந்தது.

அந்நிறுவனத்தின் பிறப்பே வேடிக்கையானது. 1902இல் கொருந்தக்கல் தோண்டி விற்கலாம் என்று ஐவர் கூடி மின்னெசோட்டா சுரங்க உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கினர். தோண்டிய பிறகுதான் அது கொருந்தக்கல்லன்று, அவர்கள் எண்ணிய வேலைக்கு உதவாத வேறு கல் என்று தெரிந்தது. வேறு வழியின்றி உப்புத்தாள் தொழிலில் இறங்கினர். 'திரீ எம்' என்று உலகம் பின்னாளில் அறிந்த நிறுவனம் அதுதான். 1921இல் நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை அது வெளியிட்டது. ஈயச் சாயத்தை உலர்வாகத் தேய்த்தபோது பறந்த நச்சுத்தூள் நீரில் அடங்கியது. மோட்டார்ப் பட்டறைகளை நாடி அந்நிறுவனத்தார் வந்ததும் இந்தத் தாளை விற்கத்தான்.

சாயத்தைப் பிடுங்காமல் உரிந்து வரும் நாடா ஒன்றைச் செய்து தருவதாக டிரூ அந்தத் தொழிலாளியிடம் வாக்களித்தார். நாடாவைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது, அவருடைய நிறுவனத்திற்கும் ஒன்றும் தெரியாது. எண்ணெய்கள், பிசின்கள், கிளிசரின் கலந்த தச்சுப்பசை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார். பசையைவிடத் தாள் பெருந்தொல்லை கொடுத்தது. தட்டையான தாள் காரின் வளைவுகளில் படியவில்லை; இழுத்தால் கிழிந்தது. கதவு நிலையின் மூலையில் தாள் வளைந்து படியாவிட்டால் அந்த இடைவெளியில் சாயம் புகுந்துவிடும். நிறுவனத்தின் மேலாளர் வில்லியம் மெக்நைட், இதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்குமாறு பணித்தார். டிரூ கீழ்ப்படிந்தார்; சில நாள் கழித்து மறுபடியும் தொடங்கினார். சுருக்கமிட்ட தாளைப் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது. சுருக்கம் விரிந்து கொடுக்கும். வளைவில் இழுத்து ஒட்டலாம். மெக்நைட் அவரை மீண்டும் அதே வேலையில் கண்டபோது ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். நாடா செய்யும் இயந்திரத்திற்கு அனுமதி கிடைக்காதபோது, நூறு டாலருக்குக் குறைவான பொருள்களை மேலதிகாரியைக் கேளாமல் வாங்கும் உரிமை தமக்கு இருந்ததால், 99 டாலர் சீட்டுகளாகப் பிரித்தே அதன் உறுப்புகளை வாங்கிச் சேர்த்தார் என்றும் அந்நிறுவனத்தார் சொல்வர்.

1925இல் நாடா தயாரானது. இரண்டு அங்குல அகலம். பசையை மிச்சப்படுத்த எண்ணி ஓரங்களில் மட்டும் தடவி, நடுவில் வெறுமையாக விட்டிருந்தனர். மறைப்புத் தாளின் கனத்தைத் தாங்காமல் அது கழன்று விழுந்தது. எரிச்சலடைந்த சாயக்காரர், இதை உன் ஸ்காட்லாந்துக்கார முதலாளிகளிடம் கொண்டுபோய் முழுவதும் பசை தடவச் சொல் என்றாராம். ஸ்காட்லாந்தியர் கஞ்சர் என்பது அந்நாட்டு ஏளனப் பேச்சு. அந்த ஏளனமே 'ஸ்காட்ச்' என்னும் வணிகப் பெயராகி உலகமெங்கும் பரவியது. 1930இல் டிரூ கண்டுபிடித்த கண்ணாடித்தாள் நாடாதான் பள்ளிப் பிள்ளைகளின் மேசையில் இருப்பது. அவர் 1980இல் காலமானார்; 2007இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் பெருமன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1923இல் பட்டறையில் திட்டியவரும், நாடாவைத் திருப்பி எறிந்தவரும் கதையில் பெயரின்றியே வருகின்றனர். சிக்கல் என்ன என்று சொன்னவர் ஒருவர், விடையில் குறை என்ன என்று சொன்னவர் மற்றொருவர். கண்டுபிடிப்பில் பாதியேனும் அவ்விருவருக்கும் உரியது எனலாம்.

பெயரின்றி வருவோர் இன்னும் உண்டு. அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் உரியும் பசைக்கு இயற்கை ரப்பரும் பிசினும் சேர்ந்த கலவையே நெடுங்காலம் அடிப்படையாக விளங்கிற்று. அந்நாளில் உலகின் முதன்மையான ரப்பர் உற்பத்தி நாடு மலாயா. மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. டிரூ தம் நாடாவோடு போராடிய ஆண்டுகள், ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டம் 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஆண்டுகளே. அதிகாலை இருளில் தோட்டங்களில் பால் மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர் தாம் சேர்த்த பால் எங்கே போகிறது என்பதை ஓரளவு அறிவர். கார்ச் சக்கரங்களுக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதே காரின் கதவு நிலையைச் சுற்றி ஓடும் தடுப்புப் பட்டையாகவும், அப்பட்டையின்மேல் சாயம் படாமல் காக்கும் நாடாவின் பசையாகவும் அத்தகைய பால் உருமாறியது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

பழைய காரைப் புதுப்பிக்கும் பட்டறையில் நிலைக்குச் சாயம் அடிக்கும் முறை நூறாண்டில் பெரிதும் மாறிவிடவில்லை. ரப்பர் பட்டை, பூட்டுக் கொளுவி, அடையாளத் தகடு ஆகியவற்றைக் கழற்ற முடிந்தால் கழற்றுவர்; முடியாவிட்டால் மறைப்பர். கழற்றுவதே மேல். மறைத்த பொருளின் ஓரத்தில் சாயப்படலம் பாலம் கட்டிக்கொள்ளும். பின்னர் அங்கிருந்தே உரியத் தொடங்கும். மூலைகளில் சேர்ந்திருக்கும் பழைய எண்ணெய்ப்பசையைத் துடைக்காமல் சாயம் அடித்தால் மீன்கண்போல் குழிகள் விழும். இருக்கைப் பகுதி முழுவதும் தாளால் மூடப்படும். செய்தித்தாளை நல்ல தொழிலாளர் தவிர்ப்பர். கரைப்பான் பட்டால் அச்சுமை கரைந்து சாயத்தில் ஊறிவிடும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்க்க வேண்டும். அங்கே நீர் தேங்கினால் அழகாகச் சாயம் அடித்த கதவு உள்ளிருந்தே துருவேறும்.

நிலை முதலில், வெளிப்பக்கம் பின்னர் என்பதே முறை. நிலையும் கதவின் உள்விளிம்பும் காய்ந்த பிறகு, கதவை மூடி, உள்ளிருந்து இடுக்கை மறைத்து, வெளியே சாயம் அடிப்பர். இங்கேதான் அந்த மேடு பிறக்கும். நாடாவின் ஓரத்தில் சாயம் அணைகட்டி நின்றுவிடும். உரித்ததும் படிபோல் தெரியும். அனுபவசாலிகள் நாடாவைப் படிய ஒட்டாமல், பசைப்பக்கம் வெளியே தெரியுமாறு சுருட்டி ஒட்டுவர். உருண்ட ஓரத்தில் சாயப்பனி மெல்ல மெல்லக் குறைந்து மறைவதால், எங்கே முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. பின்னாளில் இதற்கெனவே நுரையால் ஆன உருண்டை நாடா கடைக்கு வந்தது. கோடு விழத்தான் வேண்டுமென்றால் அதைத் தகடு மடியும் விளிம்பிலோ, ரப்பர் பட்டை வந்து மூடும் இடத்திலோ விழச் செய்வர். உரிக்கும்போதும் பொறுமை வேண்டும். சாயம் இறுகியிருக்க வேண்டும், முற்றக் காய்ந்திருக்கக் கூடாது. நாடாவை அதன்மேலேயே மடித்து மெதுவாக இழுக்க வேண்டும்.

வெப்பநாட்டில் இவ்வேலை இன்னும் கடினம். வெயிலில் விட்ட நாடா காய்ந்து நொறுங்கும். பசை மட்டும் தகட்டில் தங்கிவிடும். மழை பெய்து காற்று ஈரமாக இருக்கும் மாலையில் லாக்கர் அடித்தால், கரைப்பான் விரைந்து ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து சாயம் வெளுத்துப்போகும். மெதுவாக ஆவியாகும் கரைப்பானைக் கலந்தோ, வானம் தெளியும் வரை காத்திருந்தோ அதைச் சமாளிப்பர். தொழிலாளருக்கு இருக்கும் இடரும் மறக்கத்தக்கதன்று. நிலைக்குச் சாயம் அடிப்பவர் தலையைக் காருக்குள் நுழைத்தபடி வேலை செய்கிறார். தூவிய பனி அவர் முகத்திற்கே திரும்புகிறது. 1970களுக்குப் பின் பரவிய இருகூட்டுச் சாயங்களில் உள்ள ஐசோசயனேட்டு ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. காற்றுக் குழாய் பொருத்திய முகமூடி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஈய நஞ்சு போய் வேறொரு நஞ்சு வந்தது.

புதுக் கார் ஆலைகளில் இவ்வேலையை இப்போது இயந்திரக் கைகள் செய்கின்றன. ஒரு கை கதவைத் திறந்து பிடிக்க, இன்னொரு கை உள்ளே நுழைந்து நிலைக்குச் சாயம் தூவுகிறது. அதன் பிறகே வெளிப்பக்கம். வரிசை மாறவில்லை.

பழைய கார்களைப் பேணும் ஆர்வம் சங்கங்களாக உருக்கொண்டது 1930களில். பிரிட்டனில் 1930இலும், அமெரிக்காவில் 1935இலும் அத்தகைய சங்கங்கள் தோன்றின. அவற்றின் போட்டிகளில் நடுவர்கள் கதவைத் திறக்கச் சொல்வர். இதனால் ஒரு விபரீதம் விளைந்தது. லாக்கர் துப்பாக்கியிலிருந்து வரும்போது மங்கலாகவே படியும். தேய்த்து மெருகேற்றினால்தான் பளபளக்கும். அக்கால ஆலைகள் வெளிப்பக்கத்தை மட்டும் மெருகேற்றின. கண்படாத நிலையை அப்படியே விட்டன. பரிசுக்காகப் புதுப்பித்தவர்களோ நிலையையும் கண்ணாடிபோல் ஆக்கினர். எந்த ஆலையிலும் ஒருநாளும் இல்லாத அழகு அது. புதுமையைவிடப் பழமையே பெரிது என்போர் இதை வரலாற்றுப் பிழை என்றனர். பழங்கட்டடங்களைப் பேணுவதற்கு 1964இல் எழுந்த வெனிஸ் சாசனத்தின் வழியில், பழைய வாகனங்களுக்கும் 2010களில் டூரின் சாசனம் எழுதப்பட்டது. உள்ளதைக் காப்பதே முதற்கடமை, குறைவாகக் கைவைப்பதே நன்று, மாற்றியதை மாற்றியதென்று தெரியப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பழைய வண்டியை அழகுபடுத்துவது உரிமையாளரின் உரிமைதான். ஆயினும் ஆலைத் தொழிலாளி அரைகுறையாக விட்டதை அரைகுறையாகவே விடுவதற்குத்தான் கூடுதல் கல்வி தேவைப்படுகிறது.

ஆகவே கவனமுள்ள சில பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. நிலை முழுவதையும் சுரண்டிப் புதுச் சாயம் அடிக்கும்போது, உள்ளணித் தகடு வந்து மூடும் இடத்தில், பின்தூணின் அடியில், உள்ளங்கை அகலத்திற்கு ஓர் இடத்தை விட்டுவிடுவர். நாடாவால் நான்கு பக்கமும் கட்டி மறைத்து, சாயம் அடித்து முடித்ததும் உரித்தெடுப்பர். அந்தச் சதுரத்திற்குள் ஆலை அடித்த முதல் நிறம், அதன் மங்கல், தூவல் தடித்த இடத்தில் வழிந்த ஒரு துளி எல்லாம் அப்படியே இருக்கும். அதன்மேல் தகட்டைப் பொருத்தித் திருகாணியை முடுக்கி, கதவை மூடிவிடுவர்.